கிளாஸ் மேல் அட்டையை வைத்தீர்களா?

கேள்வி: ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் போயிருந்தோம். தாங்களே பீர் காய்ச்சி விற்கும் பழைய மதுக்கூடம் ஒன்றில் நண்பர்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஒரே ஒரு வகை பீர். அதுவும் 200 மில்லி கிளாஸில். சர்வர் கேட்காமலே அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனார், கடைசியில் ஒன்பது கிளாஸுக்குக் காசு வாங்கிவிட்டார். எங்கள் பெங்களூரில் ஐந்தாறு வகையைப் பலகையில் அடுக்கி ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். வெளியூர்க்காரன் என்றால் இப்படி ஏமாற்றலாமா?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒன்பது கிளாஸ் என்றால் 1,800 மில்லி, தலைக்கு 600. நம் ஊர் பெரிய பாட்டிலே 650 மில்லி. ஆளுக்கு ஒரு பாட்டில்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து வந்திருக்கிறீர்கள். கிளாஸுக்கு அடியில் ஓர் அட்டை இருந்திருக்குமே, அதைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு கிளாஸ் வைக்கும்போதும் அவர் அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார். அந்தக் கோடுகள்தான் பில். நீங்கள் எழுந்திருக்கும்வரை கணக்கு உங்கள் கண்ணெதிரேயே கிடக்கிறது.

அந்த அட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. போதும் என்றால் அதை எடுத்துக் கிளாஸை மூடிவிட வேண்டும். மூடாதவரை அடுத்தது வரும். பந்தியில் இலையை மடிக்காமல் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே ரசம் ஊற்றினான் என்று நாம் சண்டைக்குப் போவதில்லையே! எனக்கும் முதல் தடவை இந்த வழக்கம் தெரியாது. ஐந்தாவது கிளாஸ் வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குள் அவர் கோடு போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போயிருந்தார். எதிரே இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, என் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் வைத்து விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். அப்புறம் யாரும் என் பக்கம் வரவில்லை.

பரிமாறுகிறவருக்கு அங்கே 'கோபெஸ்' என்று பெயர். யாக்கோபு என்பதைக் கொலோன்காரர்கள் தங்கள் வட்டார வழக்கில் அப்படிச் சொல்கிறார்கள். நீல உடுப்பு, இடுப்பில் ஏப்ரன், காசு போட ஒரு தோல் பை. நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டில் கிளாஸ்களைச் சுற்றிலும் சொருகிக்கொண்டு வருவார். கொஞ்சம் முரட்டுப் பேச்சுதான், ஆனால் வஞ்சகம் கிடையாது.

சரி, ஏன் 200 மில்லி? இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் குடித்தது கோல்ஷ், கொலோனின் சொந்த பீர். மேலே மிதந்து நொதிக்கும் ஈஸ்ட்டைப் போட்டு, அதிகக் குளிரில்லாமல் நொதிக்கவிட்டு, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடத்தி வைக்கிறார்கள். அதனால் நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் வகை பீர் போலத் தெளிவாகவும் இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் மெல்லிய பழ வாசனையும் வரும். பழைய மதுக்கூடங்களில் பீப்பாயைக் கவுண்டர் மேலேயே வைத்து, குழாயைத் திறந்ததும் தன் கனத்திலேயே வழியும்படி பிடிக்கிறார்கள், வாயுவை ஏற்றித் தள்ளுவதில்லை. அந்த பீரின் நுரை மென்மையானது, சீக்கிரம் அடங்கிவிடும். அதை அரை லிட்டர் மக்கில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடேறிச் சப்பென்று ஆகிவிடும். ஒல்லியான அந்தக் கிளாஸை 'ஷ்டாங்கே', அதாவது கம்பு, என்கிறார்கள். குளிர்ச்சியும் நுரையும் இருக்கும்போதே காலியாகிவிட வேண்டும், அடுத்தது பீப்பாயிலிருந்து புதிதாக வர வேண்டும். அந்த அளவு இதற்காக ஏற்பட்டது.

ஒரே வகைதானா என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். ஃப்ரீசன் தெருவில் பெஃப்கன் என்ற மதுக்கூடம் 1883 முதல் கோல்ஷ் காய்ச்சுகிறது. காய்ச்சுவதும் அங்கேதான், ஊற்றுவதும் அங்கேதான். ஆறு வகை வைத்திருக்கிற இடத்தில் ஒன்று சுமாராக இருந்தால் அடுத்ததைக் கை காட்டலாம். ஒன்றே ஒன்றை வைத்திருப்பவர் என்ன செய்வார்? நேற்று வந்தவரே இன்றும் அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார், நேற்றைய ருசி அவர் நாக்கில் இருக்கிறது. இப்படித் தினமும் பரீட்சை எழுதுகிறவர்களின் பீரை 'வெறும் ஒரு வகை' என்று தள்ளியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோல்ஷ் எப்படி இருக்க வேண்டும், எங்கே காய்ச்ச வேண்டும் என்று 1986-இல் 24 ஆலைகள் கூடி ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது.

அடுத்த முறை போனால் சாப்பாட்டையும் விடாதீர்கள். 'ஹால்வர் ஹான்' கேளுங்கள். பெயருக்கு அர்த்தம் அரைச் சேவல், தட்டில் வருவதோ ரை என்ற தானிய மாவில் செய்த ரொட்டியும் தடிமனான ஒரு துண்டு சீஸும் கடுகு விழுதும். கோல்ஷுக்கு அது அருமையான ஜோடி.

உண்மையிலேயே வேறு ருசி வேண்டுமா? கொலோனிலேயே வடிகட்டாத கலங்கல் பீர் இருக்கிறது, 'வீஸ்' என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் ரயிலேறி ட்யூசல்டார்ஃப் போங்கள், அரை மணி நேரப் பயணம்தான். அங்கே ஆல்ட் பீர், செம்பு நிறம், நல்ல கசப்பு. இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை, அதனால் அங்கே போய்க் கோல்ஷ் கேட்காதீர்கள். பழைய நகரத்தில் 'ஊரிகே' என்ற மதுக்கூடம் 1862 முதல் ஆல்ட் காய்ச்சுகிறது. அங்கேயும் அதே கோபெஸ், அதே அட்டை. ஜனவரியிலும் அக்டோபரிலும் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மட்டும் 'ஷ்டிக்கே' என்று இன்னும் அடர்த்தியான ஒன்றைத் திறப்பார்கள். டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.