அளந்து பார்க்காத வாயு: மீத்தேன் கசிவு குறித்துக் கேள்வி பதில்

எண்ணெய், எரிவாயு வயல்களில் மீத்தேன் கசிவைத் தேடி அளப்பது என் தொழில். முதலில் வளைகுடாவில், பிறகு மேற்கு டெக்சஸின் பெர்மியன் படுகையில். கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (வேதியியல் மாணவி, திருச்சி): ஐயா, இதுவரை எல்லோரும் கார்பன் டை ஆக்சைடைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது மீத்தேன் மேல் ஏன் இத்தனை கவனம்?

ஒரு டன் மீத்தேன் காற்றில் கலந்தால், 20 ஆண்டுக் கணக்கில் அது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 30 மடங்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அதன் ஆயுள். பன்னிரண்டு ஆண்டுகள் போல இருந்துவிட்டுச் சிதைந்துவிடும். ஆகவே இன்று ஒரு கசிவை அடைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் முதலிடம் கால்நடைகளும் நெல்வயல்களும் அடங்கிய வேளாண்மைக்குத்தான். இருந்தாலும் எண்ணெய், எரிவாயுத் துறையை முதலில் பிடிக்கச் சொல்கிறோம். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்தான் என்பதால் இங்கே வீணாவது விற்பனைச் சரக்கு. ஆண்டுக்கு 8 கோடி டன் அளவுக்கு இத்துறையிலிருந்து வெளியேறுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. மாட்டின் ஏப்பத்துக்கு வால்வு போட முடியாது, குழாய்க்குப் போடலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், நெய்வேலி): குழாய் உடைந்தால்தானே வாயு கசியும்? அவ்வளவு குழாய்களா உடைகின்றன?

உடைவது குறைவு. பழுதே இல்லாமல் வெளியேறுவதுதான் பலருக்குத் தெரியாத கதை.

எரிவாயுக் கிணறுகள் பெரும்பாலும் மின்கம்பி எட்டாத இடத்தில் இருக்கும். வால்வைத் திறந்து மூட ஒரு விசை வேண்டும். கிணற்று வாயுவின் அழுத்தம் கையில் இருப்பதால் அதை வைத்தே வால்வுகளை இயக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். வால்வு அசையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வாயு வெளியே போகும். சில வகைகளில் அசையாத நேரத்திலும் போய்க்கொண்டே இருக்கும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறது, அதன் வடிவமைப்பே அப்படி. அழுத்தக் காற்றுக்கோ சூரிய மின்சாரத்துக்கோ மாற்றினால் இந்தக் கணக்கு அப்படியே சுழியம் ஆகும்.

அடுத்தது டேங்குகள். நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த எண்ணெய் டேங்குக்கு வந்து சேர்ந்ததும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அதில் கரைந்திருந்த வாயு பொங்கி வெளிவரும். அதைப் பிடித்துக் குழாய்க்குத் திருப்பும் சாதனம் இருக்கும், ஆனால் டேங்கின் உச்சியில் உள்ள மூடியை யாராவது திறந்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் பார்த்த பெரிய கசிவுகளில் பல இந்த வகைதான். சரிசெய்யும் செலவு, மேலே ஏறி மூடியைச் சாத்துவது.

பிறகு ஃப்ளேர். உபரி வாயுவைக் கொளுத்தும் உயரமான சுடர்க்குழாய். போகிற வாயுவில் 98 சதவீதம் எரிந்துவிடும் என்பது நெடுங்கால அனுமானம். டெக்சஸ், வடக்கு டகோட்டா படுகைகளில் விமானத்தில் பறந்து அளந்த ஆய்வு 2022-இல் வந்தது. எரிந்தது 91 சதவீதம்தான். 2 சதவீதம் தப்பும் என்று நினைத்த இடத்தில் 9 சதவீதம் தப்பினால் மீத்தேன் எத்தனை மடங்காகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் சுடரே அணைந்துபோன குழாய்களும் அடக்கம். துர்க்மெனிஸ்தானின் மேற்குக் கரையில் செயற்கைக்கோள் கண்டுபிடித்த பெரிய கசிவிடங்களில் பெரும்பாலானவை அணைந்த ஃப்ளேர்கள்தாம். எரிகிற சுடர் இரவில் விண்வெளியிலிருந்து பளிச்சென்று தெரியும், அணைந்தது தெரியாது. வாயுவை எரிப்பதைக் குறைத்துவிட்டோம் என்று எந்த நாடாவது பெருமை பேசினால், அணைத்துவிட்டுத் திறந்துவிட்டிருக்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): சிலிண்டர் கசிந்தால் வாடை வருகிறதே. அங்கே மூக்கை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது அம்மா. மீத்தேனுக்கு வாடை கிடையாது. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது வேறு வாயு, அதற்கும் தனி வாடை இல்லை. இரண்டிலுமே கந்தகச் சேர்மம் ஒன்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். கிணற்றிலிருந்து நேராக வரும் வாயுவில் அந்தக் கலப்பு இருக்காது. 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்புக் கிணறு பிய்த்துக்கொண்டபோது மக்கள் தலைவலியோடு ஊரைக் காலிசெய்தார்கள். வாடை கலந்த வாயு அங்கே சேமிக்கப்பட்டிருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது. 2016 பிப்ரவரியில் அடைப்பதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் போய்விட்டது.

கேள்வி (கருவியியல் பொறியாளர், ஓசூர்): அப்படியானால் எப்படித்தான் அளக்கிறீர்கள்?

மிகப் பழைய முறை சோப்புத் தண்ணீர். இன்றும் என் பையில் இருக்கிறது. அதற்கு மேல் கையடக்க மோப்பக் கருவி. ஆனால் அது சொல்வது காற்றில் எத்தனை பங்கு மீத்தேன் என்பதை மட்டும். எனக்குத் தேவை மணிக்கு எத்தனை கிலோ போகிறது என்ற எண். காற்று அசையாத மூலையில் சின்னக் கசிவுகூடப் பெரிய செறிவைக் காட்டும். திறந்த வெளியில் பெரிய கசிவு கலைந்துபோய் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும்.

அடுத்து அகச்சிவப்புக் கேமரா. மீத்தேன் 3.3 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கும் கேமராவில் வாயு புகைபோலத் தெரியும். வெறும் கண்ணுக்கு வெட்டவெளியாகத் தெரிந்த டேங்கின் தலையிலிருந்து கரும்புகை சுருள்வதை முதன்முதலில் பார்ப்பவர்கள் பேச்சிழந்துவிடுவார்கள். வாயுவுக்கும் பின்னணிக்கும் வெப்பநிலை வேறுபாடு இல்லையென்றால் கேமரா குருடு. பிடிப்பவரின் கையும் முக்கியம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஃபோர்ட் காலின்ஸில் ஒரு போலி எரிவாயு வயலையே கட்டி வைத்திருக்கிறது. எங்கிருந்து, எவ்வளவு என்று சொல்லாமல் வாயுவைத் திறந்துவிட்டு, அளப்பவர்களைப் பரிசோதிப்பார்கள். நல்ல அனுபவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 1.7 மடங்கு கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். கேமரா ஒன்றுதான்.

முழு வளாகத்துக்கும் ஒரே எண் வேண்டுமென்றால் சிறுவிமானம் வட்டமடிக்கும். காற்று உள்ளே வரும் பக்கம் எவ்வளவு மீத்தேன், வெளியே போகும் பக்கம் எவ்வளவு என்று பார்த்துக் கழித்தால் வளாகத்தின் பங்கு கிடைக்கும். அலிசோ கேன்யன் கணக்கும் சிறுவிமானத்தில் பறந்து அளந்து எடுத்ததுதான்.

கேள்வி (மென்பொருள் துறை, சென்னை): சார், இத்தனை சிரமம் எதற்கு? செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துவிடாதா?

பெரிதாக இருந்தால் பார்க்கும். ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள டிரோபோமி கருவி 2017 முதல் தினமும் உலகம் முழுவதையும் அளக்கிறது. ஆனால் அதன் ஒரு புள்ளி 5.5 கிலோமீட்டருக்கு 7 கிலோமீட்டர். ஒரு புள்ளிக்குள் நூறு கிணறு இருக்கலாம். கனடாவின் ஜிஹெச்ஜிசாட் போன்றவை 25 மீட்டர் வரை நெருங்கிப் பார்க்கும், ஆனால் குறிவைத்த இடத்தை மட்டும். நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப 2024 மார்ச்சில் மீத்தேன்சாட் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஒன்றேகால் ஆண்டில் தொடர்பு அறுந்துவிட்டது. எங்கள் துறையில் அது ஒரு பெரிய துக்கம்.

இன்னொரு சங்கதி, காற்று. செயற்கைக்கோள் எடுப்பது ஒரு கணநேரப் படம். மீத்தேன் எவ்வளவு மிதக்கிறது என்று தெரியும், எவ்வளவு வேகமாக வந்துகொண்டிருக்கிறது என்று தெரியாது. அதற்குக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். அந்த வேகம் வானிலை மாதிரியிலிருந்து வருகிறது. அங்கே 30 சதவீதம் தவறினால் கசிவுக் கணக்கும் ஏறத்தாழ அந்த அளவு தவறும். செய்தித்தாளில் கசிவின் எண் மட்டும் இருந்து, கூட்டல் கழித்தல் வரம்பு இல்லாவிட்டால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. கடல் கறுப்பாகத் தெரிவதால் கடலுக்குள் நிற்கும் எண்ணெய், எரிவாயு மேடைகளின் கசிவைப் பிடிப்பது கடினம். சூரிய ஒளி நீரில் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பார்த்தால் முடியும். மெக்சிகோ வளைகுடாவில் 2021 டிசம்பரில் ஒரு மேடை 17 நாளில் சுமார் 40,000 டன் வெளியேற்றியதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கஜகஸ்தானில் 2023 ஜூனில் வெடித்த கிணறு டிசம்பர் வரை வாயு கக்கியதும், சுமார் 1,27,000 டன் என்ற கணக்கும் செயற்கைக்கோள்கள் இல்லாமல் வெளியே வந்திருக்காது. ஆகவே அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. மூடி திறந்த டேங்கை யாராவது நேரில் போய்த்தான் மூட வேண்டும்.

கேள்வி (கப்பல் பொறியாளர், தூத்துக்குடி): எல்என்ஜி எரிபொருளில் ஓடும் கப்பல் தூய்மையானது என்கிறார்கள். சரிதானா?

எல்என்ஜி என்பது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. கப்பல் தூய்மையா என்பது எஞ்சினைப் பொறுத்தது. உயர் அழுத்த இரட்டை வீச்சு எஞ்சினில் எரியாமல் தப்பும் மீத்தேன் மிகக் குறைவு. குறைந்த அழுத்த நான்கு வீச்சு எஞ்சினில், ஓடும் கப்பல்கள் விடும் புகையிலேயே அளந்தபோது சராசரி 6.4 சதவீதம் வந்தது. ஐரோப்பிய விதிகள் வைத்துக்கொண்ட எண் 3.1. பாரம் குறைவாக ஓட்டினால் இன்னும் மோசம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (பலர்): நிறுவனங்கள் பொய்க் கணக்குத்தானே காட்டுகின்றன?

பொய் என்று சொன்னால் வழக்குப் போடலாம். நடப்பது அதைவிட வசதியானது. அவர்கள் அளப்பதே இல்லை. இத்தனை வால்வு, இத்தனை கம்ப்ரஸர், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒரு அட்டவணை எண்ணால் பெருக்கிக் கூட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த எண்களில் பல 1990-களின் ஆய்விலிருந்து வந்தவை. சட்டமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

சராசரி எண் ஏன் ஏமாற்றுகிறது என்றால், கசிவுகள் சராசரியாக நடந்துகொள்வதில்லை. பெரிய 5 சதவீதக் கசிவுகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் தருகின்றன. எது அந்த 5 சதவீதம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அட்டவணையில் திறந்து கிடக்கும் மூடிக்கு இடமில்லை. 2018-இல் வந்த பெரிய ஆய்வு, அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையின் கசிவு ஆண்டுக்கு 1.3 கோடி டன், அரசுக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம் என்றது. உற்பத்தியில் அது 2.3 சதவீதம். பிறகு பெர்மியனின் நியூ மெக்சிகோ பகுதியை விமானத்தில் அளந்தவர்கள் 9 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன. நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் எண் அளந்ததா, பெருக்கியதா?"

கேள்வி (கல்லூரி ஆசிரியர், யாழ்ப்பாணம்): மாட்டுப் பண்ணையும் எரிவாயு வயலும் அருகருகே இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

ஈத்தேனைத் தேடுவோம். பூமிக்கடி வாயுவில் மீத்தேனோடு ஈத்தேனும் பெரும்பாலும் வரும். மாட்டிடமிருந்து வராது.

கேள்வி (விவசாயி, திருவாரூர் மாவட்டம்): தம்பி, மீத்தேன் திட்டம் வேண்டாம் என்று போராடியவர்கள் நாங்கள். எங்கள் வயலோரம் மூடிய எண்ணெய்க் கிணறு ஒன்று இருக்கிறது. தேங்கிய நீரில் குமிழி வருகிறது. பயப்பட வேண்டுமா?

ஐயா, மன்னார்குடிப் பக்கம் நீங்கள் எதிர்த்தது நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுப்பதை. நிலத்தடி நீரை இறைத்தால்தான் அந்த வாயு வரும் என்பதால் உங்கள் அச்சம் நீரைப் பற்றியது, நியாயமானது. நான் இங்கே பேசுவது தப்பிப்போகும் மீத்தேனை. ஆனால் இரண்டும் உங்கள் வயலில் சந்திக்கின்றன. 2020-இன் வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுத்தது, ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடவில்லை. 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோது எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, ஊர் திரண்டது. வாயு கசிந்தால் யாருக்கும் தெரியாது.

குமிழியைப் பார்த்த மாத்திரத்தில் கிணறு கசிகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். நீர் கட்டிய நெல்வயல் மண்ணே மீத்தேன் விடும். அறுவடை முடிந்து காய்ந்த நிலத்தில், கிணற்றைச் சுற்றி மட்டும் பயிர் பட்டுப்போயிருக்கிறதா, மழை தேங்கினால் அதே இடத்தில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே வேண்டாம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். அடைத்தபோது சிமெண்ட் எந்த ஆழம்வரை போட்டார்கள், கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ஈத்தேனையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், மண்ணா கிணறா என்று தெளிந்துவிடும். அமெரிக்காவில் உரிமையாளர் இல்லாமல் கைவிடப்பட்ட கிணறுகள் பதிவில் உள்ளவை மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். அடைக்க 2021-இல் 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தோண்டும்போதே அடைக்கும் செலவை வாங்கி வைக்காததன் விலை அது.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): சட்டம் என்ன செய்கிறது?

2021-இல் கிளாஸ்கோவில், 2030-க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி எடுத்தன. இந்தியா, சீனா, ரஷ்யா சேரவில்லை. நம் அரசு சொன்ன காரணம் மாடும் நெல்லும். சிறுவிவசாயி மேல் கைவைக்கக் கூடாது என்பது சரி. எண்ணெய்த் துறைக்கு மட்டும் ஓர் இலக்கு வைப்பதை அது எப்படித் தடுக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பாவில் 2024 ஆகஸ்டில் சட்டம் வந்தது, இறக்குமதி வாயுவுக்கும் கணக்குக் கேட்கிறது. அமெரிக்கா 2022-இல் டன்னுக்கு 900 டாலர் கட்டணம் என்றது, 2025-இல் அதை 2034-க்குத் தள்ளிவிட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு செயற்கைக்கோளில் கண்ட கசிவுகளை நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கிறது. 2024 வரை அனுப்பிய சுமார் 1,200 எச்சரிக்கைகளில் உருப்படியான பதில் வந்தது ஒரு சதவீதத்துக்கு. பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது.

கேள்வி (இறுதியாண்டு மாணவர், கோவை): அண்ணா, இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

கருவியியல், வேதிப் பொறியியல், இயற்பியல் எதுவும் சரி. புள்ளியியலை விட்டுவிடாதே. கேமரா விலை ஒரு லட்சம் டாலரை நெருங்கும் என்பதால் அதை நிறுவனம்தான் வாங்கித் தரும், பயிற்சியும் தரும். 45 டிகிரி வெயிலில் டேங்கின் மேல் ஏறி நிற்க முடியுமா என்பதை மட்டும் நீ யோசித்துக்கொள். வளைகுடாவில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி சட்டையில் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்காதே. அந்த வாயு அதிகமானால் வாடையை உணரும் திறனே போய்விடும். உயரமும் வெயிலும் ஒத்துவராது என்றால் செயற்கைக்கோள் பக்கம் வா. டிரோபோமி தரவு முழுவதும் இலவசம், மடிக்கணினியும் பைத்தானும் போதும். மேற்குத் துர்க்மெனிஸ்தானில் தொடங்கு. பாலைவனம், மேகம் குறைவு, கசிவுகள் பெரியவை. கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான இடம் கிடையாது.