தாலி கட்டும் நேரத்துக்கு ஏற்ற நெட்

கேள்வி: வரும் ஜூன் மாதம் எனக்குக் கிறிஸ்தவ ஆலயத்தில் திருமணம். மாப்பிள்ளை வீட்டில் சந்தன நிறப் பட்டுச் சேலை எடுத்திருக்கிறார்கள். அகலமான ஜரிகைக் கரை. தலையில் அணியும் நெட் (மணப்பெண்ணின் மெல்லிய வலைத்துணி முக்காடு) மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தரையில் புரளும் நீள நெட்தான் வேண்டும் என்கிறார் அத்தை (வருங்கால மாமியார்). முகத்தை மூடினால்தான் மணப்பெண் களை வரும் என்கிறார் அம்மா. என் உயரம் ஐந்தடி. கொண்டை போட்டு மல்லிகை சுற்ற ஆசை. பாட்டி வைத்துவிட்டுப் போன கைப்பின்னல் பருத்தி லேஸ் நான்கு கெஜம் இருக்கிறது. அதையும் சேர்க்க முடியுமா? யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: அன்புத் தங்கைக்கு, திருமண வாழ்த்துகள். முதலில் பாட்டியின் லேஸைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதைக் கட்டாயம் சேர்க்கலாம்.

நெட் தேர்வு பற்றி இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் கவுன் அணியும் மணப்பெண்ணுக்கானவை. கவுனுக்கு முந்தானை கிடையாது. அவர்கள் கழுத்தில் பெரும்பாலும் யாரும் தாலி கட்டுவதும் இல்லை. உங்களுக்கு இரண்டும் உண்டு. போதகர் ஜெபித்துத் தாலியைக் கையில் கொடுத்ததும் மாப்பிள்ளையின் கைகள் உங்கள் பிடரிக்குப் பின்னால் போக வேண்டும். நாத்தனார் முடிச்சுப் போட அருகில் வருவார். அந்த இடத்தில் மூன்று மீட்டர் நெட் குவிந்து கிடந்தால், கயிற்றோடு நெட்டும் சேர்ந்து முடிச்சில் சிக்கும். நெட்டைத் தலையில் பிடித்திருக்கும் சீப்பு இழுபட்டுக் கொண்டை சரியும். ஆலயமே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடத்தில் அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம். ஆகவே தாலி கட்டும்போது தலையில் இருக்கும் நெட் விரல்நுனி அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விரல்நுனி அளவு என்பது, கையைத் தொங்கவிட்டால் விரல் முடியும் இடம் வரை வருவது. சீப்பு குத்தும் இடத்திலிருந்து டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐந்தடி உயரத்துக்கு ஏறக்குறைய 38 அங்குலம் வரும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சேலையின் முந்தானை பின்பக்கம் முழங்காலுக்குக் கீழே முடியும். நெட்டும் அதே இடத்தில் முடிந்தால் இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று முட்டி, உயரத்தை வெட்டிக் காட்டும். நெட் மேலேயே நின்றுவிட்டால் முந்தானையின் ஜரிகை முழுதாகத் தெரியும். அத்தை பார்த்துப் பார்த்து எடுத்த சேலையை நாமே மூடி மறைப்பானேன்?

அகலம் 54 அங்குலம் போதும். 108 அங்குல அகலத்தில் எடுத்துச் சுருக்கினால் தோளில் பொம்மென்று நிற்கும். பட்டுச் சேலையின் மடிப்புக்கு அது பொருந்தாது. ஒரே அடுக்காக இருக்கட்டும். சீப்பைக் கொண்டைக்கு மேலே குத்துங்கள். கொண்டைக்குக் கீழே குத்தினால் மல்லிகை பளிச்சென்று தெரியும்தான். ஆனால் சீப்பு சரியாகத் தாலி முடிச்சு விழும் இடத்தில் உட்காரும், தலையும் மூடப்படாது. தலை மூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சபைகள் உண்டு, போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேலே குத்தினாலும் ஒற்றை அடுக்கு வழியாகப் பூ தெரியும். தோழி ஒருவர் நெட்டைத் தூக்கித் தன் கையில் போட்டுக்கொள்ளவும் எளிது. முந்தின நாளே தோழியோடு ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இப்போது லேஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் உள்ளூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவருடைய மகள் எலைசா, பிஷப் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தத் தொழிலும் அங்கே போனது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் கையால் பின்னிய லேஸ் என்றால் அதன் பின்னால் இத்தனை பெண்களின் உழைப்பு இருக்கிறது. கடையில் விற்கும் மெஷின் லேஸை அதற்கு மேலாக நினைக்காதீர்கள்.

கணக்கும் கச்சிதமாக அமைகிறது. 54 அங்குல அகலம், இரு பக்கமும் 38 அங்குல நீளம், மொத்தம் 130 அங்குலம். உங்களிடம் இருக்கும் நான்கு கெஜம் 144 அங்குலம். லேஸை முதலில் தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு ஊறவைத்து, பிழியாமல், நிழலில் துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள். பிளீச்சிங் பக்கம் போகவே வேண்டாம். பழைய நூல் இற்றுப்போகும். சுருங்குவதாக இருந்தால் இந்த நனைப்பிலேயே சுருங்கிவிடும். பிறகு கையால், பெரிய தையலாகத் தையுங்கள். திருமணம் முடிந்ததும் பிரித்து எடுத்து வைக்கலாம்.

நெட் வாங்கப் போகும்போது ரவிக்கைத் துண்டையும் லேஸையும் கொண்டு போங்கள். கடையின் விளக்கடியில் எல்லா வெள்ளையும் ஒன்றுபோல்தான் இருக்கும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். நீலம் கலந்த வெள்ளை நெட் என்றால் சந்தனப் பட்டு அழுக்கேறியதுபோல் தெரியும், பழைய லேஸ் மஞ்சளடித்துப்போகும். உங்களுக்கு யானைத் தந்தத்தின் நிறத்திலான வெள்ளைதான் (ஐவரி) சரி. நெட்டைக் கைக்குள் கசக்கி விடுங்கள். விறைத்து நின்றால் வேண்டாம், தொய்ந்து விழுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ஆசைக்கு, 28 அங்குலத்தில் லேஸ் இல்லாத தனித் துண்டு ஒன்றை அதே சீப்பில் முன்பக்கம் விழும்படி தைக்கலாம். பீடத்தருகே வந்ததும் அப்பா அதைப் பின்னால் தூக்கிப் போடட்டும். முகம் மூட வேண்டும் என்று திருமண ஆராதனை முறையில் விதி எதுவும் இல்லை, ஆனாலும் அம்மாவுக்கு அது மகிழ்ச்சி தரும் என்றால் செய்யுங்கள்.

அத்தையின் நீள நெட்டையும் தள்ள வேண்டாம். அதற்கெனத் தனிச் சீப்பு வைத்துத் தயாராக வைத்திருங்கள். பதிவேட்டில் கையெழுத்திட்ட பின், கொண்டைக்குக் கீழே அத்தையையே குத்திவிடச் சொல்லுங்கள். இருவரும் தம்பதியாக ஆலயத்தின் நடுவழியில் நடந்து வரும்போது அது விரிந்து வரட்டும். படத்திலும் அழகாக விழும். வாசல் வந்ததும் கழற்றிவிட வேண்டும். ஜூன் மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை ஈரத்தில் ஆலய வளாகத்து மண்ணும் நெட்டில் ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று. நைலான் நெட் நெருப்பு பட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும். மெழுகுவர்த்தி ஏற்றும் சடங்கு உங்கள் ஆராதனையில் இருந்தால், தோழி நெட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இஸ்திரி போடும்போதும் சூட்டைக் குறைத்து, மேலே பருத்தித் துணி விரித்துத்தான் போட வேண்டும்.