கூலி கொடுத்தால் போதாதா?

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ‘வாங்க’ என்றாலும் ‘வாடா’ என்றாலும் வருகிறவர் வரத்தான் போகிறார். நான் கூலியில் ஒரு ரூபாய் குறைப்பதில்லை. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை முடிக்கிறார்கள். காரியம்தானே முக்கியம்? சொல் வெறும் வாய்க்காற்றுதானே?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: விரல் தொகையைச் சொல்லும், ஐயா. அதற்கு அது போதும். ‘மாடு உதைக்குமா?’ என்று கேட்க வேண்டுமானால் வாயைத்தான் திறக்க வேண்டும். ‘சின்னப் பிள்ளைங்க பால் பீச்சுனாலும் நிக்குமுங்க’ என்று விற்கிறவர் சொல்லும் அந்த வார்த்தையை நம்பித்தான் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறோம். நாளைக்கு அது உதைத்தால் நாம் போய்ச் சண்டை பிடிப்பது அவருடைய விரலோடு அல்ல, அவர் சொன்ன சொல்லோடு.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். ஆளை வரவழைக்க ‘வா’ போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூட ஒட்டிக்கொண்டு வரும் ‘ங்க’வுக்கும் ‘டா’வுக்கும் வேலை வேறு. என் கணக்கில் நீ யார் என்பதை அவை ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்பவரிடம் சொல்கின்றன. தொல்காப்பியர் இதை எப்போதோ கவனித்துவிட்டார். ஒன்றைக் கேட்டு வாங்க ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்று மூன்று சொற்கள். தாழ்ந்தவர் கேட்டால் ‘ஈ’, சமமானவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’ என்கிறார். கேட்கிற பொருள் ஒன்றுதான். கை நீட்டினாலே கிடைத்துவிடும். கேட்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது மட்டும் கையில் தெரியாது, சொல்லில் தெரிந்துவிடும்.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம். ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘வாங்க அம்மிணி’. பெற்ற பிள்ளையையே ‘வாங்க கண்ணு’ என்று கொஞ்சும் வீடுகள் இங்கே உண்டு. அதே வீட்டுப் பண்ணையத்தில் உழைத்து உழைத்துத் தேய்ந்த அருந்ததியர் பெரியவருக்கு மட்டும் அந்த ‘ங்க’ கிடைக்கவில்லை. மறந்துபோய் விட்டதா? இல்லை, தெரிந்தேதான் கொடுக்காமல் வைத்திருந்தோம். வெறும் காற்றாக இருந்தால் அதைப் பூட்டி வைத்துப் பாதுகாக்க என்ன அவசியம் வந்தது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுவில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே எழுதிச் சேர்த்தார்கள். அடி விழுந்திருக்க வேண்டியதில்லை, சொல் விழுந்தாலே வழக்கு. அதற்கெல்லாம் முன்பு, 1925இல், உங்களுக்குப் பக்கத்து ஈரோட்டிலிருந்து பெரியார் ‘குடி அரசு’ வார இதழை நடத்தத் தொடங்கினார். அவர் நடத்திய இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் சுயமரியாதை. கூலி உயர்வு அல்ல, மரியாதை. அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை பேர் முதுகை நிமிர்த்தினார்கள் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேளுங்கள்.

நானும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவன்தான். பத்து வயதில், எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டிய பெரியவரைப் பேர் சொல்லி ‘வாடா’ என்றிருக்கிறேன். அவருக்கு எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின் வயது. ‘சொல்லுங்க சாமி’ என்று ஓடி வருவார். அது தப்பு என்று வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. எங்கள் வீட்டிலும் கூலியில் குறை வைத்ததில்லை.

வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன். வாசலில் அவர் நின்றார். ‘வாங்கய்யா, உக்காருங்க’ என்றேன். தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர் திரும்பிப் பார்த்தார்.