மகன் குடும்பத் தொழிலுக்கு வர மறுக்கிறான். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கேள்வி கேட்டவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு உருவாக்கியதை அப்படியே தூக்கிக் கொடுக்கிறேன், வேண்டாம் என்கிறானே என்ற ஆதங்கம் கேள்வியிலேயே தெரிகிறது. நான் எதிர்த்தரப்பு. வேண்டாம் என்று சொன்ன மகன். அதனால் இந்தப் பதில் உங்களுக்கு ருசிக்காமல் போகலாம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக உங்கள் தொழிலைப் பற்றி வீட்டில் என்ன பேசியிருக்கிறீர்கள்?

எங்கள் அப்பா அச்சகம் வைத்திருந்தார். இரண்டு ஆஃப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், பைண்டிங்குக்கு நாலைந்து பேர். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். ஒருத்தர் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடிக்கிறார், பேப்பர் விலை ஏறிவிட்டது, மிஷின் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டான், வழக்கமாக வரும் வேலையை வேறொருத்தன் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போது "இந்தத் தொழில்ல மனுஷன் இருப்பானா? நீயாவது படிச்சு நல்ல வேலைக்குப் போயிடுடா" என்று முடிப்பார். தினமும் இதுதான். நானும் படித்தேன், வேலைக்கும் போனேன். அப்புறம் ஒருநாள் "பிரஸ்ஸுக்கு எப்போ வரப் போற?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை.

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பது எல்லா அப்பாக்களும் சொல்லும் குறை. நான் அட்சரம் பிசகாமல் கேட்டேன்.

அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது லீவு போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். உடம்பு தேறியதும் அவரும் வந்து ஒரு ஓரமாக உட்கார ஆரம்பித்தார். மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருப்பவர், திடீரென்று "டேய், டபுள் ஷீட் போகுது, நிறுத்து" என்று கத்துவார். போய்ப் பார்த்தால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தாளை விரலால் தடவி எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கனம் என்று சொல்வார். கலர் வேலை என்றால் சின்ன லென்ஸை அச்சான தாளின் மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிவார். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலும் ஒன்றின் மேல் ஒன்றாகத் துல்லியமாக விழ வேண்டும். மயிரிழை தள்ளிப் போனாலும் படம் மங்கிவிடும், எழுத்தோரத்தில் சிவப்பாக ஒரு நிழல் தட்டும். "இந்த அம்மாவுக்கு ரெண்டு உதடு வந்திருக்கு பாரு" என்று என்னிடம் லென்ஸை நீட்டினார். பார்த்தேன், வந்திருந்தது.

இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை அவர். ஏன்ப்பா என்று கேட்டேன். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவருக்குக் கைவந்தது எதுவும் அவருக்குச் செய்தியாகத் தோன்றவில்லை, வராத பணம் மட்டும்தான் செய்தி. உங்கள் மகனும் உங்கள் தொழிலைச் சாப்பாட்டு நேரத்துப் புலம்பலாக மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறானோ என்பதுதான் என் சந்தேகம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அச்சடிக்கும் முன் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு மாதிரித் தாள் தருவார்கள், அதுதான் புரூஃப். அதைப் பார்க்கக் கொடுத்தால் தயவுசெய்து படியுங்கள். போன் பேசிக்கொண்டே புரட்டிவிட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். மொத்தமும் அச்சாகி, மடித்து, கட்டி டெலிவரி போன பிறகு, தங்கள் சொந்தப் பெயரிலேயே ஒரு எழுத்து விட்டுப்போயிருப்பது கண்ணில் படும். பழி பிரஸ்காரன் மேல். கையெழுத்தைக் காட்டினால் "நாங்க உங்களை நம்பித்தானே போட்டோம்" என்பார்கள். மறுபடி அடித்துக் கொடுத்த பேப்பர் காசு யார் தலையில்? நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நாளிலேயே இது நடந்தது, இன்னமும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் திறமையைப் பார்த்து மனம் மாறி நான் பிரஸ்ஸை ஏற்றுக்கொண்டேன் என்று எதிர்பார்த்தால், அது நடக்கவில்லை. எனக்கு என் வேலை பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய காரணம், எதை ஏற்றுக்கொள்வது என்றே தெரியவில்லை. எந்த வாடிக்கையாளருக்கு என்ன ரேட், யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எத்தனை நாள் கடன் தரலாம், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. டைரியில் பெயருக்குப் பதில் முதலெழுத்து, அதற்கு எதிரே ஒரு தொகை. அது வர வேண்டியதா, தர வேண்டியதா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். ஒரே ஆள் தன் பெயரில் நடத்தும் தனியுரிமைத் தொழிலுக்கு, உரிமையாளரை விட்டால் தனியாக ஒரு சட்ட உருவம் கிடையாது. அவர் போனால் பெயர்ப்பலகையும் மிஷினும் மிஞ்சும், மற்றதை வாரிசு புதிதாகத்தான் தொடங்க வேண்டும். கூட்டாண்மையாகவோ கம்பெனியாகவோ மாற்றி எழுதிவைக்கலாமே என்றால் "நான் உயிரோட இருக்கும்போதே பங்கு கேக்கறியா?" என்று சண்டை.

போதாக்குறைக்கு அதிகாரம். மிஷின் ஓட்டுபவரிடம் நான் ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அப்பா வேறொன்று சொல்லியிருப்பார். மிஷின்காரர் யார் பேச்சைக் கேட்பார்? உங்கள் மகன் வேண்டாம் என்பது தொழிலையா, உங்களுக்குக் கீழே உட்கார்வதையா என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? ரெண்டும் ஒன்றில்லை.

அப்பாவோடு வாதாடுவதற்காகவே சில கதைகளைப் படித்து வைத்திருந்தேன். ஜப்பானில் கோயில் கட்டும் கொங்கோ குமி என்ற நிறுவனம் 578இல் தொடங்கியது. 2006இல் கடன் முற்றி இன்னொரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை ஒரே குடும்பத்திடம் இருந்தது. அந்த வரிசையில் எல்லோரும் பெற்ற மகன்கள் இல்லை, குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்ட மருமகன்களும் உண்டு. சுசூகி கம்பெனியைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஒசாமு சுசூகி பிறக்கும்போது மட்சுடா. நிறுவனரின் பேத்தியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர், 1978இல் தலைவரானார். லெகோ பொம்மைக் கம்பெனி நஷ்டத்தில் தத்தளித்த 2004இல் நிறுவனரின் பேரனே எழுந்து வெளியாளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். நடத்துவது வேறொருவர், பெரும்பங்கு உரிமை இன்றைக்கும் குடும்பத்திடம்.

இதையெல்லாம் அடுக்கினால் அப்பா அசரவில்லை. "ரெண்டு மிஷின் வெச்சிருக்கிறவனுக்கு லெகோ கதை எதுக்குடா?" என்றார். நியாயமான கேள்வி. பெரிய கம்பெனி என்றால் சம்பளத்துக்கு ஒரு நிர்வாகியை வைக்கலாம், சின்னத் தொழிலில் அதற்கு வரும்படி தாங்காது. ஆனால் எங்களிடம் வேறொன்று இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த, நான் அண்ணன் என்று கூப்பிடும் தொழிலாளி ஒருவர். வாடிக்கையாளர்களை அவருக்குத் தெரியும், அவர்களுக்கும் அவரைத் தெரியும். மிஷினையும் இடத்தையும் வாடகைக்கு எடுத்து அவரே நடத்துவது, லாபத்தில் அப்பாவுக்கு ஒரு பங்கு என்று பேசி, எழுதி, கையெழுத்தும் ஆயிற்று. பழைய பாக்கியெல்லாம் அப்பாவுக்கு, புதுசு அவருக்கு என்று கோடு போட்டதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. அந்த டைரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதலெழுத்தாக அப்பாவைக் கேட்டுக் கேட்டு எழுதினோம்.

"சொகுசுக்கு ஆசைப்பட்டு அப்பனைக் கைவிட்டவன், ஊருக்கு உபதேசம் பண்ண வந்துட்டான்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். சொந்தக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அப்பா பட்டினி கிடக்கவில்லை, பிரஸ்ஸும் மூடவில்லை, அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தெரியவில்லை. எல்லா மகன்களும் என்னைப் போல வெளியே போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விரும்பி வந்து அப்பாவை விட நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. படிக்கிற வயது என்றால் விட்டுவிடுங்கள், வேறு எங்காவது நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வரட்டும். அதற்குள் கணக்கு வழக்கைத் தலையிலிருந்து இறக்கி, இன்னொருவர் படித்தால் புரிகிற மாதிரி எழுதி வையுங்கள். அவன் வந்தாலும் உதவும், வராவிட்டாலும் உதவும். வேறு வேலையில் நிலைத்துவிட்டவன் என்றால் அவனைச் சம்மதிக்க வைக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு, நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பவர் யார் என்று பாருங்கள். முதலில் அவரிடம் பேசுங்கள்.