பாதுகாப்பு அமைச்சராக ராணுவ அனுபவம் வேண்டுமா?

அமைச்சரவை மாற்றம் வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது: துப்பாக்கியே தொடாதவருக்குப் பாதுகாப்புத் துறையைக் கொடுக்கலாமா?

இந்தியாவில் கொடுக்கலாம். அந்தத் துறைக்கென்று தனித் தகுதி எதையும் அரசியல் சாசனம் கேட்பதில்லை. பிரதமர் பரிந்துரைப்பார், குடியரசுத் தலைவர் நியமிப்பார். நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

1962 சீனப் போரில் அடிவாங்கி பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகியபோது, நேரு தேடிப் பிடித்தது ஒரு தளபதியை அல்ல. மகாராஷ்டிர முதல்வராக இருந்த ஒய்.பி. சவாணை. 2017 செப்டம்பர் மாற்றத்தில் நிர்மலா சீதாராமன் வர்த்தகத் துறையிலிருந்து நேராக இங்கே வந்தார். ராணுவ அதிகாரியாக இருந்த ஜஸ்வந்த் சிங்கும் 2001இல் இத்துறையைக் கவனித்தார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

அமெரிக்காவிலோ கதை தலைகீழ். அங்கே பாதுகாப்பு அமைச்சராக வருபவர் முன்பு ராணுவ அதிகாரியாக இருந்திருந்தால், விலகி ஏழு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்; ஜெனரல் நிலையில் இருந்தவர் என்றால் இப்போது பத்து ஆண்டு. ஓய்வுபெற்ற ஜெனரல்களான மேட்டிஸ், ஆஸ்டின் இருவரும் அமைச்சராவதற்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் தனி விலக்கு தர வேண்டியிருந்தது.

போர்த்திட்டம் தீட்டத்தான் தளபதிகள் இருக்கிறார்களே! அமைச்சர் பார்ப்பது பட்ஜெட், ஆயுதக் கொள்முதல், நாடாளுமன்றத்தில் பதில் சொல்வது. என்னைக் கேட்டால், கோப்பைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவரே போதும்.