வாசகர் கேள்விகள்: வாசலுக்கு நீர்யானை வருமா?

கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குப் போகிறவர்கள் முடிந்தால் ஆற்றங்கரை விடுதியில் தங்குங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். காரணம் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் போலிருக்கிறது.

எல்லா விளம்பரத்திலும் 'ஆற்றங்கரை விடுதி' என்றுதான் போடுகிறார்கள். வாடகை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, முதலில் எந்த ஆறு என்று கேளுங்கள். மாரா ஆறு, தாலெக், சாண்ட் என்று அங்கே பெயர் சொல்லும்படி மூன்று ஆறுகள் உண்டு. இதில் மாராவில்தான் நீர்யானைக் கூட்டங்களும் பெரிய முதலைகளும் வருஷம் முழுக்க இருக்கும். தாலெக் மழையில்லாத மாதங்களில் மெலிந்துபோய் அங்கங்கே குட்டைகளாக நிற்கும், ஆனால் அதன் கரையில் விடுதிகள் நெருக்கமாக இருப்பதால் வாடகை குறைவு. அடுத்தது, விடுதி காப்பகத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். நுழைவுக் கட்டணமே 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். விடுதி வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பயண ஏற்பாட்டாளர்கள் பலர் இதை இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில்தான் வைப்பார்கள். உள்ளே தங்கினால் கிளம்புகிற நாளன்று காலை 10 மணிக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது விதி. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் இன்னொரு நாள் கட்டணம்.

காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் நான் மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் முக்கோணப் பகுதியைச் சொல்வேன். மாரா ட்ரையாங்கிள் என்பார்கள். 2001 முதல் அதைத் தனி அமைப்பு ஒன்று நிர்வகிக்கிறது, ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது மாதிரியான விதிகளை அங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பார்க்கிறார்கள்.

அப்புறம், ஆற்றங்கரை எதற்கு என்றால், வண்டியில் சுற்றுவது விடியற்காலையிலும் மாலையிலும்தான். நடுப்பகல் ஐந்தாறு மணி நேரம் நீங்கள் விடுதியில்தான் இருக்கப் போகிறீர்கள். சமவெளியில் இருக்கிற அறை என்றால் தூங்குவீர்கள். ஆற்றைப் பார்த்த திண்ணை என்றால், யானைக் கூட்டம் எதிர்க்கரையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும், முதலை வாயைத் திறந்துவைத்துக்கொண்டு மணலில் கிடக்கும், நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு உறுமிக்கொண்டே இருக்கும். வண்டிக்கும் வழிகாட்டிக்கும் தனியாகக் காசு கொடுக்காமல் கிடைக்கிற சஃபாரி அது. கூடுதல் வாடகை அதற்குத்தான்.

கூடாரத்தில் படுக்க வேண்டும் என்கிறார்கள். ராத்திரி நீர்யானை வாசல் வரைக்கும் வரும் என்று தோழி சொல்லி பயமுறுத்துகிறாள். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

வரும் அம்மா. பொய் சொல்ல மாட்டேன். சில விடுதிகளில் மின்வேலி உண்டு, பலவற்றில் கிடையாது.

நீர்யானைக்குத் தோல் வெயில் தாங்காது, அதனால் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்துவிட்டு இருட்டியதும் புல் மேயக் கரையேறும். ஓர் இரவில் 40 கிலோ வரை புல் தின்னும். தினமும் ஒரே தடத்தில்தான் ஏறி இறங்கும். அந்தத் தடத்தின் மேல் விடுதிக்காரர்கள் புல்தரை போட்டு வைத்திருந்தால் அதற்கு இன்னும் வசதி. நள்ளிரவில் உங்கள் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கேன்வாஸ் துணி தள்ளி, புல்லைப் பறிக்கிற சத்தம் 'சரக்... சரக்' என்று கேட்கும், நடுவில் ஒரு பெருமூச்சு. கூடாரத்தை அது ஒரு பாறை மாதிரி நினைத்துச் சுற்றிக்கொண்டு போய்விடும், உள்ளே இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து எப்போது என்றால், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மனிதர் போய் நிற்கும்போதுதான். ஒன்றரை டன் எடையை வைத்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நம்மால் முடியாது.

அதனால் இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தனியாக நடக்கக்கூடாது. அஸ்காரி என்று அங்கே காவலாளியைச் சொல்வார்கள், பெரும்பாலும் உள்ளூர் மசாய் ஆட்கள். கூப்பிட்டால் டார்ச்சும் ஈட்டியுமாக வந்து கூட்டிப் போவார். விசிலோ வாக்கி டாக்கியோ அறையில் வைத்திருப்பார்கள், வந்து இறங்கியதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'பத்தடிதானே' என்று போன் வெளிச்சத்தில் நடந்து போகிற வீரர்கள் நம் ஊர்க் குழுக்களில் ஒருவராவது இருப்பார், அவரைத் தடுத்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிற இடம், ராத்திரி நன்றாகவே குளிரும். நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது போர்வைக்குள் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். விஷயம் தெரியாமல் காலை நீட்டி, வெதுவெதுப்பாக ஏதோ ரோமத்தோடு பட்டதும் அலறுகிறவர்கள் உண்டு. பைக்குக் கம்பளி உறை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

பகலில் நீங்கள் கவலைப்பட வேண்டியது குரங்குக்கு. கூடாரத்து ஜிப்பை இழுத்துத் திறக்க அவற்றுக்குத் தெரியும். பூட்டுக் கொக்கி இருந்தால் மாட்டுங்கள், முறுக்கு டப்பாவைப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஆற்றில் காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கூடாது தம்பி. நைல் முதலைக்குக் கால் மட்டும் போதும்.

ஆகஸ்டில் மூன்று நாள் போகிறோம். வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதை நிச்சயம் பார்த்துவிட முடியுமா? ஏஜென்ட் 'கியாரண்டி' என்கிறார்.
– மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்

அந்த ஏஜென்டை மாற்றுங்கள். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்களும் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் வகை), கூடவே வரிக்குதிரைகளும் புல்லைத் தேடி ஒரு சுற்று வருகின்றன, ஜூலை முதல் அக்டோபர் வரை அதில் பெரும் பகுதி மாரா பக்கம் இருக்கும் என்பது வரைக்கும்தான் யாரும் சொல்ல முடியும். எந்த நாள், எந்தத் துறையில் இறங்கும் என்பது அவற்றுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நின்று, முன்னால் நிற்பது தண்ணீரை மோந்து பார்த்து, பின்னால் இருப்பது தள்ளி, இரண்டு மணி நேரம் கழித்து ஏதோ ஒன்று மிரண்டு திரும்ப, மொத்தக் கூட்டமும் வந்த வழியே போய்விடும். உங்கள் வண்டியில் எல்லோரும் கேமராவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். மறுநாள் எதிர்த் திசையில் கடக்கும், ஏனென்றால் ஒரே ஆற்றை அவை பலமுறை இங்கும் அங்குமாகக் கடக்கின்றன.

மூன்று நாளும் ஆற்றங்கரையிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருந்து, சிறுத்தையும் சீட்டாவும் இருந்த பக்கமே போகாமல் திரும்பியவர்களின் கதைகள் நிறைய. ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள், மதியச் சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு போங்கள், கிடைத்தால் யோகம். கடக்கிற இடத்தில் முன்வரிசைக்காக ஓட்டுநரை நெருக்காதீர்கள், கூட்டம் இறங்குகிற துறையை வண்டிகளே அடைத்துக்கொண்டு நின்றால் அவை எப்படி இறங்கும்? டிரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஆறு நாறும் என்று ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார். அவ்வளவு காசு கொடுத்து நாற்றத்திலா தங்குவது?
– இல்லத்தரசி, ஈரோடு

சில மாதங்களில் நாறும்தான். கென்யப் பகுதி மாராவில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட நீர்யானைகள் இருக்கின்றன. ராத்திரி கரையில் தின்றதையெல்லாம் பகலில் ஆற்றில்தான் கழிக்கும். தண்ணீர் குறைந்த நாட்களில் மடுக்களில் அது தேங்கி, பிராணவாயு தீர்ந்து, அப்புறம் திடீரென வெள்ளம் வந்து அதைக் கலக்கி அடித்துக்கொண்டு போகும்போது கீழே மீன்கள் செத்து மிதக்கும் என்று ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். இது போதாதென்று, ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிச் சாகிற வில்டபீஸ்ட்கள் சராசரியாக வருஷத்துக்கு 6,000-க்கும் மேல். முதலைகள் தின்பது அதில் கொஞ்சம்தான். மீதி பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் மாராபூ நாரைகளுக்கும் மீனுக்கும். எலும்பு மட்டும் வருஷக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கு உரமாகிறது. கடக்கும் துறைகளுக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் வளைவில் இருக்கிற விடுதியை ஆகஸ்ட், செப்டம்பரில் தவிர்க்கலாம். மேடான கரையில் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது.

நாங்கள் சுத்த சைவம். பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
– தம்பதி, மதுரை

வேண்டாம். 1896-இல் ஆரம்பித்த ரயில் பாதை வேலைக்காக இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோன காலம் தொட்டு, குஜராத்திகளும் பஞ்சாபிகளும் கென்யாவில் கடை வைத்து, பள்ளி கட்டி, சமையலையும் ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சப்பாத்தி, சமோசா, மசாலா டீ எல்லாம் அங்கே உள்ளூர் உணவு. ந்தெங்கு என்று பச்சைப்பயறு குழம்பு வைப்பார்கள், சுகுமா விகி என்று ஒரு கீரைப் பொரியல், கூட உகாலி, அதாவது வெள்ளை மக்காச்சோள மாவுக் களி, நம் களி சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. 'வெங்காயம் பூண்டு இல்லாமல்' என்றால் கூடப் பல சமையல்காரர்களுக்குப் புரியும். ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், காய்கறி நைரோபியிலிருந்தும் நரோக் நகரத்திலிருந்தும் வர வேண்டும். ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் கவரில் சுற்றாமல். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி இல்லாமல் துணிப்பையாக இருக்க வேண்டும். ஊறுகாயையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

ஏப்ரல், மே மாதம் பாதி விலைக்குத் தருகிறார்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். போகலாமா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

அது அங்கே பெருமழைக் காலம் சார், விலை குறைவதற்குக் காரணமே அதுதான். ஊரே பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது, மழை விட்ட மாலை வெளிச்சத்தில் படங்கள் அருமையாக வரும். ஆனால் ஆற்றங்கரை மட்டும் வேண்டாம். 2024 மே மாத ஆரம்பத்தில் தாலெக் ஆறு ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை உடைத்து, கரையோர முகாம்கள் பல முழுகி, சுற்றுலா வந்தவர்களை ஹெலிகாப்டர் வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் போவதானால் மேட்டில் இருக்கிற விடுதியைப் பாருங்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் ஜூன் தொடக்கம் நல்லது, கட்டணமும் அப்போது 100 டாலர்தான். 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் சில முகாம்கள் 5, 6 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி கட்டாயமா?
– வாசகர், சென்னை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கேட்கப்போவது கென்யா அல்ல, திரும்பி வரும்போது நம் விமான நிலையம்தான். சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். போட்டு பத்து நாள் ஆனால்தான் சான்று செல்லும், கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடுகிற கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் உங்களுக்குப் பக்கம்தான். 60 வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஆற்றங்கரையில் கொசு இருக்கத்தான் செய்யும்.

காட்டு விலங்கு தண்ணீர் குடிக்கிற இடத்தில் போய் சொகுசு விடுதி கட்டுவதே தப்பு. அதில் தங்கச் சொல்லி நீங்கள் வேறு எழுதுகிறீர்கள்!
– வாசகர், புதுச்சேரி

கோபம் நியாயமானது. 2025-இல் சாண்ட் ஆற்றங்கரையில் ஒரு பெரிய சொகுசு முகாம் வந்தபோது, விலங்குகள் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் போய்வருகிற வழியை அது மறிக்கிறது என்று உள்ளூர் மசாய் தலைவர் ஒருவரே நீதிமன்றம் போனார். தாலெக் பக்கம் விடுதிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கும் போதும் போதும் என்றுதான் தோன்றும்.

ஆனால் 1977-இல் கென்யா வேட்டையைத் தடை செய்த பிறகு, அந்த நிலத்தில் சிங்கம் இருப்பதால் அங்கே மாடு மேய்க்கிறவருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் சுற்றுலாதான் பெரியது. காப்பகத்துக்கு வெளியே நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் மாதிரி நிலப் பாதுகாப்புப் பகுதிகளில் மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுத்து, மாதா மாதம் பணம் வாங்குகின்றன. விடுதிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைக்கும் அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வருமானம் நின்றால் அங்கே வேலியும் கோதுமை வயலும் வந்துவிடும், வில்டபீஸ்டுக்கு விடுதியைவிட அது பெரிய தொல்லை. ஆற்றுக்கு மேலே, மாரா உற்பத்தியாகிற மௌ காட்டை வெட்டியதால் வந்த பாதிப்பையும் எந்த விடுதியையும் மூடிச் சரிசெய்ய முடியாது.

எனவே நான் போகாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. பதிவு செய்யும் முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எத்தனை கூடாரம், நிலம் யாருடையது, வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் உள்ளூர், கழிவுநீர் எங்கே போகிறது. ஒழுங்காக நடத்துகிறவர்கள் ஒரே நாளில் நீளமாகப் பதில் போடுவார்கள், மற்றவர்கள் நீச்சல் குளத்தின் படத்தை அனுப்புவார்கள்.