80,000 ஓடுன வண்டிக்கு கெட்டி ஆயில் ஊத்தலாமா?

மதுரைல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. 2014 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, மேனுவல்ல 5டபிள்யூ-30 ஆயில்னு போட்டிருக்கு, ஆனா மெக்கானிக் "நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் தண்ணி சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க, சத்தமே வராது"ன்னு சொல்றாராம். யார் பேச்சை கேக்குறது?

மேனுவலை கேளுங்க சார். மெக்கானிக்கும் பொய் சொல்லல, அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்து இன்ஜினுக்கு அது சரிதான், உள்ள பார்ட்டுக்கு பார்ட் கேப் எல்லாம் பெருசு, கெட்டி ஆயில்தான் தாங்கும். உங்க வண்டி அப்படி இல்ல.

5டபிள்யூ-30ல முன்னாடி நம்பர் குளிர்ல ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்லும், பின்னாடி நம்பர் சூட்டுல. டபிள்யூன்னா வின்டர், மதுரைல ஏது வின்டர்னு எல்லாரும் கேக்குறதுதான். ஆனா நல்லா ஓடிட்டு இருக்கும்போது ஆயில் 100 டிகிரி பக்கம் இருக்கும், அந்த கணக்குல பாத்தா காலைல 28 டிகிரில நிக்கிற வண்டியே இன்ஜினுக்கு குளிர்தான். 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரில 10, 11 சென்டிஸ்டோக் (கெட்டிய அளக்கிற யூனிட்) கெட்டின்னா அதே ஆயில் 40 டிகிரில 60க்கு மேல இருக்கும், 20டபிள்யூ-50 அதே 40 டிகிரில 150ஐ தாண்டும். இந்த கெட்டிய பம்ப் இழுத்து மேல வால்வை திறக்கிற கேம்ஷாஃப்ட் வரைக்கும் தள்ளணும், அதுவரைக்கும் இரும்போட இரும்பு உரசிட்டு இருக்கும். வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வ் திறக்கிற நேரத்தை ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்துறது) இருக்கிற இன்ஜின்னா இன்னும் மோசம், அதோட ஆயில் வழி எல்லாம் ரொம்ப குறுகல்.

என்கிட்ட ஒரு வண்டி வந்துச்சு, எங்கயோ கெட்டி ஆயில் ஊத்திட்டு வந்திருந்தாங்க, காலைல ஸ்டார்ட் பண்ணா அஞ்சாறு செகண்ட் கடகடகடன்னு சத்தம், அப்புறம் அடங்கிடும். ஓனர் டைமிங் செயின் போயிடுச்சுன்னு பயந்தே போயிட்டாரு. ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தினேன், அவ்வளவுதான், சத்தம் போச்சு.

சரி, கெட்டி ஆயிலே கூடாதான்னா, வண்டி ஆயில் குடிக்குதுன்னா (ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல ஒரு லிட்டர் டாப்-அப் பண்ண வேண்டியிருக்கு, பின்னாடி நீலப் புகை வருது) மேனுவல்ல இருக்கிற டேபிள்ல 5டபிள்யூ-40ம் 10டபிள்யூ-40ம் அனுமதிச்சிருக்கான்னு பாத்துட்டு ஒரு படி மட்டும் ஏறலாம். குடிக்கலைன்னா 80,000ங்கிறதெல்லாம் ஒரு வயசே இல்ல.

இன்னொன்னு, 5டபிள்யூ-30ங்கிறது கெட்டிய மட்டும்தான் சொல்லும், தரத்தை சொல்லாது. டப்பா பின்னாடி ஏபிஐ (ஆயில் தரம் நிர்ணயிக்கிற அமெரிக்க அமைப்பு) வட்டத்துக்குள்ள எஸ்என், எஸ்பின்னு இருக்கும், எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு, சில ஆயில்ல சேர்த்து சியும் இருக்கும், அது டீசல். எஸ்பி 2020ல வந்தது, பழைய எஸ் தரம் கேக்குற வண்டிக்கும் தாராளமா ஊத்தலாம். ஆனா பிஎஸ்6 டீசல் வச்சிருக்கிறவங்க இதை படிச்சிட்டு கைக்கு கிடைச்சதை ஊத்திடாதீங்க, அதுல புகைக்கரிய பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும், சாம்பல் கம்மியா விடுற ஆயில்தான் போடணும், இல்லன்னா அடைச்சுக்கும், மாத்துற செலவு தலைய சுத்த வைக்கும்.

ஃபுல் சிந்தெடிக் போட்டா பழைய வண்டில லீக் ஆகும்னும் சொல்லுவாங்க. ஏற்கனவே செத்துப்போன சீல்தான் லீக் ஆகும், பழி மட்டும் ஆயில் மேல. காசு இருந்தா போடுங்க.

ஊத்தி முடிச்சதும் வண்டிய சமதளத்துல ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஓட விட்டு ஆஃப் பண்ணிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க துடைச்சு திரும்ப விட்டு பாருங்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். கேன்ல இருக்குதேன்னு முழுசையும் கவுத்துட்டா மேல் கோட்டை தாண்டி கிராங்க் அடிச்சு நுரையாக்கிடும். மிச்சத்தை மூடி டிக்கில வைங்க, டாப்-அப்புக்கு ஆகும். வீட்டு பைக்குல மட்டும் ஊத்திடாதீங்க, அதுல கிளட்ச்சும் இன்ஜின் ஆயில்லயேதான் முங்கி இருக்கும், வழுக்கும்.